பாதை நுழைந்த கட்டடம்

கதவை நிரந்தரமாகப் பூட்டிவிடலாம் என்றிருப்பதாக டாக்டர் விஜயன் தொலைபேசியில் சொன்னபோது, நான் கிள்ளானில் ஒரு பல்பொருள் அங்காடிக்குக் கார் நிறுத்துமிடம் வரைந்துகொண்டிருந்தேன். எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்த பயிற்சி மையத்துக்கு நான் வைத்த கதவுகள் ஏராளம். ஆனால் ஒருவர் தயங்கித் தயங்கிப் பேச வேண்டிய கதவுகள் இரண்டுதான்.

"யாரும் வரல லா, சுபத்ரா. காத்து மட்டும்தான் வருது. புள்ளைங்க குளுருல நடுங்குது. அந்த எடத்த பரீட்ச மண்டபமா மாத்திட்டா எனக்கு உதவியா இருக்கும்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். விஜயனுக்கும் தெரியும். அதனால்தான் நேரில் சொல்லாமல் தொலைபேசியில் சொன்னார். மாதக் கடைசி வரை பூட்ட வேண்டாம், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாளே காரை எடுத்தேன். தாப்பாவிலிருந்து மலையேறும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் அவரோடு ஒரு சண்டை போட்டு, எல்லாவற்றிலும் நானே ஜெயித்தேன்.

ரிங்லெட்டுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது அந்த மையம். டாக்டருக்குப் படிக்கிறவர்களும் தாதியர் படிப்புப் படிக்கிறவர்களும் கிராமப்புற மருத்துவம் பழகுவதற்காகக் கட்டியது. தோட்டத்து நிர்வாகம் இடம் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டது. கீழே லயத்தில், தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள் மேலே தேயிலைக் காட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அந்த நிலத்தின் நடுவே போகிறது, அதை மறிக்கக்கூடாது. என்னோடு போட்டிக்கு வரைந்தவர்கள் எல்லோரும் வேலி போட்டுப் பாதையைச் சுற்றி விட்டார்கள். நான் பாதையைக் கட்டடத்துக்குள் விட்டேன். கீழே ஒரு கதவு, மேலே ஒரு கதவு, நடுவில் அகலமான ஒரு கூடம். கூடத்துக்கு இடப்பக்கம் மருத்துவ மாணவர்களின் வகுப்புகள், வலப்பக்கம் தாதியர் வகுப்புகள். நூலகத்துக்கும் மாடிக்கும் கழிவறைக்கும் யார் போனாலும் இந்தக் கூடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

நாளைக்கு ஒரே நோயாளியின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நிற்கப் போகிறவர்கள், படிக்கிற காலத்தில் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல் வளர்வது எனக்கு எப்போதும் அநியாயமாகப் படும். அந்த நோயாளியும் அவர்கள் நடுவே தினமும் நடந்து போகட்டுமே என்று நினைத்தேன். மருத்துவமனை வாடை அடிக்கக்கூடாது என்பதற்காகக் கூடத்தை ஒரு வீட்டுக் கூடம் மாதிரியே செய்தேன். பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான தரை, மரக் கூரை, உட்கார்ந்து வெளியே பார்க்கத் தாழ்வான சன்னல்கள். வரைந்து முடித்த அன்று எனக்கே உச்சி குளிர்ந்துபோனது.

நான் போய்ச் சேர்ந்தபோது கூடம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மருத்துவ மாணவர்கள் அவர்கள் பக்கத்துச் சன்னலோரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாதியர் மாணவர்கள் எதிர்ப்பக்கம் அதையே செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் பளபளவென்று என் தரை. அதில் ஒரு ஈ, காக்கை இல்லை.

வேலை விடும் நேரத்தில் மேல் கதவருகே நின்று பார்த்தேன். காட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் வங்காளதேசத்துப் பையன்கள், பின்னால் நம் பெண்கள் ஏழெட்டுப் பேர். இப்போதெல்லாம் தோட்டத்தில் தமிழர்கள் அவ்வளவுதான் மிச்சம். கதவு அகலத் திறந்திருந்தது. அத்தனை பேரும் அதைப் பார்க்காதது போலத் திரும்பி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு சேற்றுச் சரிவில் இறங்கினார்கள். கடைசியாக ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், ஒரு காலை இழுத்து இழுத்து, தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் சறுக்கி விழப் பார்த்ததைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே ஓடிப்போய் வழிமறித்தேன்.

அவர் பெயர் மாரியம்மா. ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்டேன். கேட்டேன் என்பதைவிட அதட்டினேன் என்பதே சரி. யாராவது திட்டினார்களா, காவலாளி விரட்டினானா என்றும் கேட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். "அது பெரிய படிப்பு படிக்கிற எடம்மா, நாங்க எதுக்கு" என்று நழுவப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதன் மேல் ஒரு விரற்கடை சேறு.

"தரய அப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க. இதோட எப்படிம்மா மிதிக்கிறது? கீழ்வாசல்ல கழட்டி வுட்டா, மேல்வாசல்ல எதப் போட்டுக்கிட்டு காட்டுக்கு ஏறுறது?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி முகம் சுட்டது. இந்த நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். வீடு மாதிரி ஒரு கூடம் கட்டிவிட்டு, அதற்கு ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேற வேண்டும் என்று விதியும் வைத்தது நான். செருப்பு ஒரு வாசலில், ஆள் வேறு வாசலில். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த எவனாவது இப்படிச் செய்திருந்தால் நானே அவனைக் கிழித்திருப்பேன். ஒருமுறை பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்ததாகவும், வழியெல்லாம் சேறு சொட்டியதால் வெட்கப்பட்டுத் தலைத்துண்டால் துடைத்துவிட்டுப் போனதாகவும் மாரியம்மா சொன்னார். பூட்ஸோடே நடங்கள் என்றேன். "ஒங்க வூட்டுல நடப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

விஜயனிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கணக்கும் கேள்வியும் கேட்கிற ஒரு வாரியத்துக்கும், குளிரில் மூக்கு உறிஞ்சுகிற மாணவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். காலணியோடு வரலாம் என்று மூன்று மொழியில் பலகை வைத்துப் பார்த்தார். பலகையைப் படித்துவிட்டு மருத்துவ மாணவர்கள் இன்னும் தைரியமாகச் சேற்றுக் காலோடு வந்தார்கள். லயத்து ஆட்கள் வழக்கம்போல் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் நான் அந்தத் தரையை உடைத்துவிட முடிவு செய்தேன். பழுப்புத் தரையைப் பெயர்த்து, தோட்டத்துச் சாலை மாதிரி சொரசொரவென்று சிமெண்டு போட்டுவிட்டால் அது வீடாக இருக்காது, பாதையாகிவிடும். பூட்ஸைக் கழற்ற வேண்டிய பேச்சே இல்லை. அதற்குப் பிறகும் ஆள் வரவில்லை என்றால் மாதக் கடைசியில் பூட்டிவிடுவேன் என்றார் விஜயன். சரி என்றேன்.

உடைக்க ஆள் வருவதற்கு முந்தின நாள் காலையில் மாரியம்மாவை வழியில் நிறுத்தினேன். எப்படித் தரை போட்டால் கூச்சமில்லாமல் நடப்பீர்கள், ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போங்கள் என்று வற்புறுத்தினேன். என் தொல்லை தாங்காமல் வந்தார். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கீழ்வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். நாளைக்கு உடைக்கப் போகிற தரைதானே, கழற்றாதீர்கள் என்றேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. ஒரு பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டியபோது அதிலிருந்து புளியங்கொட்டை அளவு ஒரு கல் விழுந்தது.

வகுப்புக்கு நேரமாகவில்லை என்று இரண்டு பேர் கூடத்தில் இருந்தார்கள். இடப்பக்கம் அதீரா, மருத்துவம் மூன்றாம் ஆண்டு. தானா ராத்தாவில் அவள் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வலப்பக்கம் புனிதன், தாதியர் படிப்பு. அவன் அப்பா திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறார். கல் விழுந்த சத்தத்துக்குப் புனிதன் திரும்பிப் பார்த்தான். மாரியம்மா காலுறையை உருவினார். அது உள்ளங்காலோடு ஒட்டியிருந்தது, இழுத்துத்தான் வந்தது. எனக்கு வாடை மட்டும் தெரிந்தது. அவனுக்கு வேறு ஏதோ தெரிந்துவிட்டது. ஓடி வந்து படியில் மண்டியிட்டான்.

மாரியம்மா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "படிக்கிற புள்ள என் கால தொடக்கூடாது சாமி, பாவம்" என்றார். அவன் கெஞ்சித்தான் காலை வாங்கினான். உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் கறுத்திருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டான். புண்ணா, எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டார். இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன், கால் கொஞ்ச நாளாக மரத்தாற்போல் இருக்கிறது, வயசுக்கு அப்படித்தானே என்றார்.

புனிதன் எதிர்ப்பக்கம் பார்த்தான். ஒரே கூரையின் கீழ் இத்தனை மாதம் இருந்தும் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அவள் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. "டாக்டரு, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டான். அவள் இன்னும் டாக்டர் இல்லை. பயந்துகொண்டேதான் வந்தாள். வந்தவள் அவனுக்குப் பக்கத்தில் அதே படியில் மண்டியிட்டு, காகிதக் கைக்குட்டையின் முனையைத் திரித்துக் கூராக்கினாள்.

"கண்ண மூடிக்கிங்கம்மா. நான் தொடுறப்பல்லாம் சொல்லுங்க" என்றாள்.

மாரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். அதீரா விரல்களைத் தொட்டாள், குதிகாலைத் தொட்டாள், பாதத்தின் நடுவில் தொட்டாள். பேனாவின் முனையால் அழுத்தியும் பார்த்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறக்காமலே மாரியம்மா சொன்னார், "ஆரம்பிங்கம்மா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

அதீரா புனிதனைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அந்தக் காலில் அந்தக் கல்லோடு இந்த அம்மா காலையில் லயத்திலிருந்து ஏறி வந்திருக்கிறார். இந்தக் காலோடுதான் தினமும் என் கட்டடத்தைச் சுற்றியிருக்கிறார். பழுப்புத் தரையை உடைத்துவிட்டு நான் போடவிருந்த சிமெண்டுத் தரையில் அவர் பூட்ஸோடு நாளைக்கு நடந்திருந்தால், இத்தனை டாக்டர்களுக்கும் தாதிகளுக்கும் நடுவில் அந்தப் புண் காலையும் மாலையும் ரப்பருக்குள் மூடியபடியே போய் வந்திருக்கும். நானும் வழி திறந்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அன்றே அவரை ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது.

தரை உடைக்க வந்த ஆளை உடைக்க விடவில்லை. இரண்டு வாசலிலும் நீளமாக, அகலமாக, மழை படாமல் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றுகிற மாதிரி பலகை மேடை போடச் சொன்னேன். பூட்ஸுக்குப் புனிதன் வழி சொன்னான். கிடங்கில் சும்மா கிடக்கிற பழைய மருந்துத் தள்ளுவண்டியில் கீழ்வாசல் பூட்ஸையெல்லாம் ஏற்றி, வெளித் தாழ்வாரம் வழியாக மேல்வாசலுக்குத் தள்ளிவிடலாம். தினம் ஒரு மருத்துவ மாணவரும் ஒரு தாதியர் மாணவரும் சேர்ந்து தள்ளட்டும் என்றான். ஆட்கள் கூடத்தில் நடக்கிற நேரத்தில் காலைப் பார்த்துவிடலாம் என்றாள் அதீரா. விஜயன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் பூட்ஸ் வண்டி தள்ளுவதா என்று யாராவது கேட்பார்கள் என்றார். கேட்கட்டும் என்றேன். முயன்று பார்க்கட்டும், ஆனால் மாதக் கடைசி மாதக் கடைசிதான் என்றார்.

மேடையும் வந்தது, வண்டியும் தயாரானது. லயத்து ஆட்கள் மட்டும் வரவில்லை. மாரியம்மாவுக்குக் காலே போய்விட்டதாக லயம் முழுக்கக் கதை பரவியிருந்தது. பயந்துபோய் வருவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பயந்துபோய்ச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மாதம் முடிய இருந்த சமயத்தில் ஈப்போவுக்கு மாரியம்மாவைப் பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மேடையைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் பெருமையாக விவரித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பூட்ஸுக்கு நல்ல வழிதான் என்றார். பிறகு என் கையைப் பிடித்து, தங்கச்சி என்று கூப்பிட்டார்.

"சப்பாத்து வண்டியில போயிரும், நாங்க எப்படிம்மா உள்ள போறது? வூடு மாதிரிதான் கட்டியிருக்கீங்க, நான் இல்லங்கல. வூட்டு வாசல்ல ஒருத்தர் வந்து நின்னா, உள்ள இருக்கிறவங்க வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லணும். நான் ரெண்டு தடவ வந்து நின்னேன். புள்ளைங்க நிமுந்து பாத்துச்சுங்க, திரும்ப ஃபோனப் பாத்துச்சுங்க. வாங்கன்னு சொல்லாத வூட்டுக்குள்ள யாரு போவா?"

ஏன் வருவதில்லை என்று நான் அவரை அதட்டியிருக்கிறேன். தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று வேலை வாங்கியிருக்கிறேன். வாங்க என்று நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர்ப் பில் கொண்டுவருகிறவரைக்கூட வாங்க என்றுதான் அம்மா கூப்பிடுவாள். இத்தனை பேர் சந்திக்க ஒரு கட்டடம் வரைந்த எனக்கு அந்த ஒரு வார்த்தை தோன்றவில்லையே என்று மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு விஜயனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இத வாரிய மீட்டிங்ல நான் எப்படி லா சொல்றது?" என்று மட்டும் அவர் கேட்டார்.

மாதக் கடைசி நாள் காலையில் கீழ்வாசலில் நாங்கள் நால்வர் நின்றோம். அதீராவும் புனிதனும் வண்டியின் இரண்டு பக்கமும். விஜயன் கையில் சாவிக்கொத்து இருந்தது. எப்போதும் இருப்பதுதான், அன்றைக்கு அது என் கண்ணை உறுத்தியது. பனி இன்னும் விலகவில்லை. லயத்திலிருந்து பெண்கள் பேசிக்கொண்டே ஏறி வந்தார்கள். முன்னால் மணியம்மா, மாரியம்மாவின் பக்கத்து வீடு. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

அதீரா வாங்க என்றாள். அவளுக்கே கேட்டிருக்காது. நான் வாயைத் திறந்தேன். அமைச்சர்கள் முன்னாலும் கட்டட ஒப்பந்தக்காரர்கள் முன்னாலும் கத்திப் பழகியவள் நான், அந்த ஒரு வார்த்தையை அதட்டாமல் சொல்ல எனக்கு வரவில்லை. பெண்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சரிவுப் பக்கம் திரும்பினார்கள்.

விஜயன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். படியிறங்கி, தூறலில், பளபளக்கிற தோல் சப்பாத்தோடு சேற்றில் நடந்துபோய் அவர்களுக்கு எதிரே நின்றார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் தமிழில் பேசி மாணவர்கள் கேட்டதில்லை.

"வாங்க. உள்ள வாங்க" என்றார்.

மணியம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார். விஜயன் வேறு யாரையோ அழைக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பின்னால் அவரோடு வந்த பெண்களைத் தவிர யாரும் இல்லை.

"எங்களயா கூப்புடுறீங்க, டாக்டரு?"

"உங்களத்தாம்மா. குளுருது, வாங்க."

மணியம்மா அவர் முகத்தையும் சேறு அப்பிய அவர் சப்பாத்தையும் பார்த்தார். பிறகு மெல்லப் படியேறி வந்து, மேடையில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிப் புனிதனிடம் நீட்டினார். வெறும் காலைத் தரையில் வைத்துப் பார்த்தார். மற்ற பெண்கள் இன்னும் அந்தப் பிரிவிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். மணியம்மா மேடையில் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு அவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அங்கயே ஏன் நிக்கிறீங்க? வாங்க."